தொப்பிக்காரி செத்தாளா?

அந்த ஆங்கிலத் துறையில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் எவரும் இல்லை. ஆய்வேட்டில் 'மழை பெய்தது' என்று எழுதினாலும் அதற்கு ஓர் எண் போட்டு, மழை பெய்ததாக முதலில் சொன்னவர் யார், எந்தப் பதிப்பு, எத்தனையாவது பக்கம் என்று கீழே காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் மழை பெய்யவில்லை.

இந்தச் சட்டத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தவர் ஒரு வழிகாட்டிப் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிக்குறிப்பு. சாதாரணமாகப் பேசும்போதும் வாக்கியம் முடிந்ததும் குரலைத் தாழ்த்தி ஆதாரம் சொல்லுவார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்பார். பிறகு மெதுவாக, "வாட்ச்மேன், காலை ஒன்பது மணி." நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. நினைத்திருந்தால், யாரைப் பின்பற்றி நினைத்தார் என்று சொல்லியிருப்பார்.

அவரிடம் வந்து மாட்டிக்கொண்டவர் டீச்சர். உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு, மூன்று வருடப் படிப்பு விடுப்பில் டாக்டர் பட்டம் வாங்க வந்தவர். இப்போது மூன்றாம் வருடத்தின் கடைசி மாதம். மாதம் முடிவதற்குள் ஆய்வேடு துறையின் கையெழுத்தோடு வெளியே வந்தால் பட்டம். வராவிட்டால் வந்த மாதிரியே திரும்பிப் போய் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் நிற்க வேண்டியதுதான். "என்னம்மா, டாக்டர் ஆயிட்டீங்களா?" என்று தலைமையாசிரியர் மாதம் ஒருமுறை போன் போட்டு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கறையை டீச்சரால் தாங்க முடியவில்லை.

ஆய்வுப் பொருள், ஆங்கில நாவலின் வளர்ச்சியில் ஒரு மூன்று பாக நாவலின் இடம். பாதிரியார் ஒருவரின் மகள் எழுதியது. தன் பெயரைப் போடப் பயந்து 'ஒரு பெண்மணி' என்று மட்டும் அச்சிட்டிருந்தாள். தொப்பி தைத்து விற்கும் ஓர் ஏழைப் பெண்ணின் கதை. மூன்றாம் பாகத்தில் அவள் ஆற்றில் மூழ்கிச் சாகிறாள். அந்தச் சாவில்தான் ஆங்கில நாவல் கண்ணீரை விட்டு யதார்த்தத்துக்குத் தாவுகிறது என்று முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் துறைத் தலைவர் தம் ஆய்வேட்டில் கண்டுபிடித்தார். அதன் பிறகு அந்தத் துறையில் எவருக்கும் வேறு வேலை இருக்கவில்லை. 'நீரும் பெண்ணும்', 'மூழ்குதலின் அரசியல்', 'கரையின் மௌனம்' என்று மேலும் இருபத்திரண்டு பேர் டாக்டர் ஆனார்கள். ஒருவர் அந்த ஆற்றின் ஆழத்தைப் பற்றி மட்டும் முந்நூறு பக்கம் எழுதினார். போதாது என்று திருப்பி அனுப்பியதும் இன்னும் நூறு பக்கம் தோண்டினார்.

டீச்சரும் நானூறு பக்கம் எழுதி முடித்துவிட்டார். முடித்த பிறகுதான் அவருக்கு அந்த விபரீத ஆசை வந்தது.

"சார், அந்த நாவலை ஒரு தடவை படிச்சுடலாம்னு இருக்கேன்."

அடிக்குறிப்பு பேனாவை மூடினார். "எதுக்கும்மா?"

"அதைப் பத்திதானே சார் எழுதியிருக்கேன்."

"எழுதியாச்சுல்ல? நல்லாத்தானே வந்திருக்கு. இப்பப் போய்ப் படிச்சா தேவையில்லாத குழப்பம் வரும்." குரல் தாழ்ந்தது. "துறைத் தலைவர், வகுப்பறைக் குறிப்பு, முதல் வருஷம்."

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

"நான் அதைப் படிச்சவங்களைப் படிச்சிருக்கேன்."

"அவங்க?"

"அவங்க, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களைப் படிச்சிருக்காங்க. இப்படித்தானேம்மா ஒரு துறை வளரும்."

டீச்சர் நூலகத்துக்குப் போனார். அந்த நாவல் உள்ளறையில், பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை எடுக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'நூல் கோரும் நோக்கம்' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: மேற்கோள், சரிபார்ப்பு, கண்காட்சி, தூசி தட்டுதல்.

"படிக்கிறதுன்னு ஒண்ணு இல்லையே," என்றார் டீச்சர்.

நூலகர் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷமா இந்தப் படிவம்தான். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

டீச்சர் 'தூசி தட்டுதல்' கட்டத்தில் குறி போட்டு மூன்று பாகங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தார். முதல் பாகத்தில் பன்னிரண்டு பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. பதின்மூன்றாம் பக்கத்தைத் திருப்பினால் வரவில்லை. மேலே மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து, அப்படியே விற்றுவிடுவார்கள். வாங்கியவர்தான் கத்தி வைத்து மடிப்பை அறுத்து அறுத்துப் படிக்க வேண்டும். பாதிப் பக்கங்கள் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்.

டீச்சர் இரண்டாம் பாகத்தைப் பார்த்தார். மூன்றாம் பாகத்தைப் பார்த்தார். ஒரு மடிப்புகூட அறுபட்டிருக்கவில்லை. இருபத்து மூன்று டாக்டர்கள் வந்துபோன புத்தகம், கல்யாணப் புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் டீச்சரின் கணவர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஒரு பிரிட்ஜின் உறுப்புகளைப் பரப்பிவைத்திருந்தார். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். பெண்டாட்டியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான நாளிலிருந்து கேலியாக.

"அதாவது, மூடியைத் திறக்காமலே கம்ப்ரஸர் போயிடுச்சுன்னு இருபத்து மூணு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க," என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"அப்படித்தான் வச்சுக்குங்க."

"எங்க தொழில்லயும் அப்படி ஆளுங்க உண்டு டீச்சர். ஆனா அவங்களை யாரும் டாக்டர்னு கூப்பிட மாட்டாங்க." கருவிப் பெட்டியைக் குடைந்து, தேய்ந்து மெலிந்த ஒரு எஃகு ஸ்கேலை எடுத்து நீட்டினார். "காகிதத்துக்கு இது போதும். கிழியாது. மெதுவா, ஒரே இழுப்பா இழுக்கணும். ஆமா, அந்தப் பொண்ணு என்ன தொழில் பண்றா?"

அன்றிலிருந்து டீச்சர் பகலில் தூசி தட்டினார். சாயங்காலம் கணவருக்குக் கதை சொன்னார். தொப்பிக்காரி அழுமூஞ்சி இல்லை. வாய் நீளம். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மகன் அவளுக்குப் பட்டு உறை போட்ட தொப்பிப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் வழிமறித்தான்.

"இந்தப் பய சரியில்ல," என்றார் மெக்கானிக், ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு. "பெட்டியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"நான் எப்படிங்க சொல்றது? எழுதி இருநூறு வருஷம் ஆச்சு."

"அவளுக்கே தோணும். பாரு."

ஒன்பதாம் நாள், மூன்றாம் பாகத்தின் நடுவில் அந்தப் புகழ்பெற்ற ஆறு வந்தது. டீச்சர் மடிப்புக்குள் ஸ்கேலை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பக்கம் விரிந்தது. டீச்சர் அதை மூன்று தடவை படித்தார்.

தொப்பிக்காரி கரையில் நின்று, அந்தப் பட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, பலங்கொண்ட மட்டும் வீசி எறிந்தாள். ஆறு அதைச் சத்தமில்லாமல் விழுங்கியது. நான்கு குமிழி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த பத்தியில் அவள் வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.

முங்கியது பெட்டி.

டீச்சர் அன்றே நான்காம் இயலைத் திருத்தினார். அறுபது பக்கத்தை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினார்: 'அவள் சாகவில்லை.' எண் போடவில்லை. அதை முன்னால் சொன்னவர் என்று அடியில் காட்ட யாரும் இல்லை. திருத்திய இயலை அடிக்குறிப்பின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பாக்கி இருந்தது ஒரே ஒரு மடிப்பு. அதற்கு முந்தைய பக்கத்தில் தொப்பிக்காரி ஒரு பாலத்தின் நடுவில் வந்து நின்று கைப்பிடியைப் பிடித்திருந்தாள். மடிப்புக்குள் இரண்டே பக்கம். அதற்கு அந்தப் பக்கம் பல்வலி மருந்து விளம்பரம். டீச்சர் ஸ்கேலை எடுத்தார். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் நூலகர்.

"தூசின்னு சொன்னீங்களே," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

அன்று மாலையே கடிதம் வந்தது. 'நிறுவனத்தின் உடைமையான நூலை வாசிப்புக்கு உட்படுத்தி அதன் இயல்பு நிலையைக் குலைத்தமைக்காகவும், ஆதாரமற்ற வாக்கியம் ஒன்றைப் பிரயோகித்தமைக்காகவும்' விசாரணைக் குழு முன் ஆஜராக வேண்டும். விசாரணை முடியும்வரை ஆய்வேட்டில் கையெழுத்து இல்லை. நாள் பார்த்தால், மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.

காலையில் மெக்கானிக் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். "டீச்சர், ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாலத்துல என்ன ஆச்சுன்னு எப்படியாவது தெரிஞ்சுக்கிட்டு வந்துடு. ரெண்டு நாளா எனக்கு வேலையில கை ஓட மாட்டேங்குது."

"எனக்குப் பட்டம் போகப்போகுது. உங்களுக்குப் பாலம்."

"பட்டம் போனா போகட்டும். நீ கைப்பிடியைப் புடிச்சிக்கிட்டு நிக்காத."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். இடப்பக்கம் அடிக்குறிப்பு, வலப்பக்கம் நூலகர். மேசை மேல் நாவலின் மூன்றாம் பாகம், பிளாஸ்டிக் பையில், கொலைக் கருவி மாதிரி. தலைவரின் கைக்குப் பக்கத்தில் மரத்தாங்கி ஒன்றில் வெள்ளி முலாம் பூசிய காகிதக் கத்தி நின்றது. புத்தக மடிப்பு அறுக்கும் கத்தி. விமர்சனத் துறைக்கு அவர் ஆற்றிய சேவையைப் பாராட்டிக் கருத்தரங்கு ஒன்றில் கொடுத்தது. முனையில் இருந்த நெகிழி உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை.

முதலில் நூலகர் சாட்சி சொன்னார். "இந்தப் புஸ்தகம் வந்து நாப்பது வருஷம் ஆச்சுங்க. ஒரு கீறல் இல்ல, ஒரு விரல் ரேகை இல்ல. நூலகத்துலயே ரொம்ப நல்ல நிலையில இருந்த புஸ்தகம் இதுதான். இவங்க வந்து..." பிளாஸ்டிக் பையைத் தடவிக் கொடுத்தார். "படிச்சுட்டாங்க."

தலைவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"உட்காருங்கம்மா. நாங்க யாரும் வாசிப்புக்கு விரோதி இல்ல. சின்ன வயசுல எல்லாரும் பண்ணதுதான். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல விட்டுடணும். நான் எம்.ஏ. முடிச்ச அன்னிக்கே விட்டேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல ஒரு நாவல்கூட என் கருத்தை மாத்தினதில்ல. அந்த வாய்ப்பை நான் எதுக்கும் குடுத்ததே இல்ல."

"சார், அவ சாகலையே."

"நான் பார்க்காம எழுதினேன்னு நினைக்கிறீங்களா? மடிப்பைக் கொஞ்சம் விலக்கி, ஒரு கண்ணை வச்சுப் பார்த்தேன். தெளிவாத் தெரிஞ்சுது. 'ஆறு சத்தமில்லாமல் விழுங்கியது. நான்கு குமிழி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.' இன்னிக்கும் மனப்பாடம்."

"அதுக்கு மேல் வரி?"

"அது மடிப்புக்குள்ள இருந்துது."

"மேல் வரியில தொப்பிப் பெட்டி சார்."

அடிக்குறிப்பு தம் குறிப்பேட்டில் 'தொப்பிப் பெட்டி' என்று எழுதி, எண் போட்டு, கீழே எதை எழுதுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் அசரவில்லை. "சரி, பெட்டின்னே வச்சுக்குவோம். நாவல் எழுதுறவங்களுக்கு அவங்க என்ன எழுதுறாங்கன்னு தெரியாதும்மா. கதையைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது எங்கேருந்து எங்க வளர்ந்துதுன்னு நாமதான் சொல்லணும். இவ சாகலைன்னா ஆங்கில நாவல் எண்பது வருஷம் பின்னால போயிடும். அதை யாரு தள்ளிக்கிட்டு வர்றது? இருபத்து மூணு டாக்டர் பட்டம் இந்த ஆத்துலதான் மிதக்குது. ஒரு தொப்பிக்காரியோட உசுரா, இருபத்து மூணு டாக்டருங்களா? நீங்களே சொல்லுங்க."

"இருபத்து மூணு டாக்டருங்க இருந்தும் ஒருத்தியைக் காப்பாத்த முடியலையே சார்."

அடிக்குறிப்பு இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுகிற வித்தை அவருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் குரலைத் தேனில் தோய்த்தார். "நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரே ஒரு திருத்தம். 'அவள் சாகவில்லை'ங்கறதை, 'அவள் சாகவில்லை எனக் கருதவும் ஓரளவு இடமுண்டு'ன்னு ஆக்கிடுங்க. புகாரைக் கிழிச்சுப் போட்டுடறேன். இப்பவே கையெழுத்து. இந்தாங்க பேனா."

டீச்சர் பேனாவைப் பார்த்தார். பொய் சொல்லக்கூடாது, அவர் கை அதை நோக்கி நகரத்தான் செய்தது. மூன்று வருடம், நானூறு பக்கம், தலைமையாசிரியரின் போன். 'ஓரளவு இடமுண்டு.' இரண்டே வார்த்தை. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இந்தத் துறையில் எதையும் யாரும் படிப்பதில்லை.

அதனால்தான் கை நின்றது.

"மாட்டேன் சார்."

"ஏன்?"

"அவ அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டதை நான் பார்த்தேன். ஓரளவு போடல சார். முழுசாப் போட்டா."

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு மெல்லச் சிரித்தார். "அப்ப அந்தப் பாலம்? கடைசி மடிப்பு இன்னும் வெட்டலையே. உங்களுக்கும் தெரியாது. அந்த ரெண்டு பக்கத்துல அவ குதிச்சிருந்தா, இடம்தான் மாறுது, சாவு ஒண்ணுதானே? நான் சொன்னதுதானே சரி?"

டீச்சர் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். இரண்டு நாளாக அவரையும் உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அது.

"வெட்டிப் பார்த்துடலாமே சார்," என்றார் அடிக்குறிப்பு மெதுவாக.

"விதியில இடமில்ல," என்றார் நூலகர்.

"தேவையும் இல்ல," என்றார் தலைவர். "குழு இருக்கு. வாக்கெடுப்பு நடத்திடுவோம். தொப்பிக்காரி செத்தாள்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

தலைவரின் கை நேராக உயர்ந்தது. அடிக்குறிப்பு, தலைவரின் கையைப் பார்த்து, அதே உயரத்துக்குத் தம் கையைத் தூக்கினார். நூலகர், புத்தகத்தின் உட்பொருள் தம் பொறுப்பில் வராது என்று நடுநிலை வகித்தார்.

"ரெண்டுக்குப் பூஜ்யம். செத்தாள். நடவடிக்கைக் குறிப்புல ஏத்திக்குங்க."

டீச்சர் எழுந்தார். பதினாறு வருடம் எட்டாம் வகுப்பு நடத்தியவர்; சத்தம் போடாமல் ஒரு அறையைக் கடக்கத் தெரியும். மரத்தாங்கியிலிருந்து வெள்ளிக் கத்தியை எடுத்தார். நெகிழி உறையைக் கழற்றித் தலைவருக்கு முன்னால் வைத்தார். பிளாஸ்டிக் பையைப் பிரித்து, புத்தகத்தை விரித்து, கடைசி மடிப்பில் கத்தியை விட்டு, மெதுவாக, ஒரே இழுப்பாக இழுத்தார்.

நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் நெகிழி உறையைக் கையில் எடுத்தார்.

டீச்சர் நின்றபடியே படித்தார். ஒரு பக்கம். திருப்பினார். அடுத்த பக்கம். நடுவில் ஓரிடத்தில் அவர் முகம் மாறியது. பிறகு மூக்கை உறிஞ்சினார். பிறகு புன்னகைத்தார். மூன்று பேரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் புத்தகத்தை விரித்தபடியே மேசை மேல் கவிழ்த்து வைத்தார். கத்தியைத் தாங்கியில் நிறுத்தினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"என்ன ஆச்சு?" என்றார் துறைத் தலைவர்.

"ரெண்டே பக்கம்தான் சார். மடிப்பைப் பிரிச்சாச்சு. நீங்களே படிங்க."

வராந்தாவில் நடக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூன்று தலைகள் ஒரே புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. "திருப்பாதீங்க சார், நான் இன்னும் முடிக்கல," என்று அடிக்குறிப்பின் குரல் கேட்டது. பின்னால் ஆதாரம் எதுவும் வரவில்லை.

வாசலில் மெக்கானிக் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். பட்டம் என்னாயிற்று, கையெழுத்து என்னாயிற்று என்று கேட்கவில்லை.

"செத்தாளா?"

"இல்லங்க. பாலத்துல நின்னு காத்து வாங்கிட்டு அந்தக் கரைக்குப் போயிட்டா. அங்க ஒரு கடை புடிச்சிருக்கா. பலகையில அவ பேரையே போட்டு."

மெக்கானிக் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தார். "எனக்குத் தெரியும் டீச்சர். அவ சாகிற ஆளே இல்ல."

டீச்சர் அன்று மாலையே ஆய்வேட்டைக் கொண்டுபோய்த் துறை அலுவலகத்தில் வைத்தார். 'அவள் சாகவில்லை' என்ற வாக்கியம் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அதற்கு ஓர் எண் இருந்தது. அடியில், விதிப்படி: 'அவள் சாகிற ஆளே இல்லை. பிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர், வாய்மொழி, நிறுவனத்தின் வாசல், வெள்ளிக்கிழமை.' அலுவலக எழுத்தர் பக்கம் பக்கமாக விரல் வைத்துப் பார்த்து, ஆதாரமில்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்று முத்திரை குத்தினார். தலைவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தணிந்த குரலில், "பலகையில பேர் போட்டான்னு வருது. என்ன பேருன்னு ஏம்மா அவங்க எழுதல?" என்று கேட்டார். அவர் கண் லேசாகச் சிவந்திருந்தது.

துறையின் பதிவேட்டில் இன்றைக்கும் தொப்பிக்காரி இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் செத்தவள்தான். டீச்சரின் ஆய்வேட்டில் கடை நடத்துகிறாள். இரண்டையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 'வாய்மொழி விமர்சன மரபில் பிரிட்ஜ் மெக்கானிக்கின் கோட்பாடு' என்ற தலைப்பை எடுத்தார்கள். எழுநூறு பக்கம் வந்திருப்பதாகக் கேள்வி. மெக்கானிக்கின் கடை துறைக்கு எதிர்த்தெருவில்தான் இருக்கிறது. அவரைப் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை.